மூன்று கார்களும் ஒரு மாப்பிள்ளையும்

அதிராம்பட்டினத்தில் ஜெகபர் அலி வீட்டு வாசலில் மூன்று கார்கள் நின்றன. அவற்றில் இரண்டை வாங்கியவர்கள் கடல் தாண்டி இருந்தார்கள். மூன்றாவதை வாங்கியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஓட்டத் தெரிந்து, கையும் காலும் நன்றாக இருந்து, ஊரிலும் இருந்தவர் அந்த வீட்டு மாப்பிள்ளை மூஸா ஒருவர்தான்.

மாப்பிள்ளை பெண்வீட்டில் தங்குவது அந்த ஊரில் வழக்கம். அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் கிடையாது. ஆனால் மற்ற வீட்டு மாப்பிள்ளைகள் வருவார்கள், ஒரு மாதமோ இரண்டு மாதமோ இருப்பார்கள், அத்தர் வாசனை போவதற்குள் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ திரும்பிவிடுவார்கள். மூஸா மட்டும் போகவே இல்லை.

போகாமல் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்ததே கிடையாது. முத்துப்பேட்டைக்காரர், தொண்ணூற்றெட்டில் கமருன்னிஸாவைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்தார். கமருன்னிஸாவின் அண்ணன் நௌஷாத் துபாயில் இருந்தபடியே விசாவுக்கு ஏற்பாடு செய்தார். சென்னையில் மெடிக்கல் முடிந்தது. டிக்கெட் போட வேண்டிய வாரத்தில், மீன் வாங்கப் போன மாமனார் ஜெகபர் அலி கடைத்தெருவிலேயே சாய்ந்துவிட்டார். இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாயும் கோணிக்கொண்டது.

நௌஷாத் பறந்து வந்தார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் மூஸாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மச்சான், வாப்பா எழுந்து நடக்குற வரைக்கும் நீங்க இருங்க. விசா எங்க போயிடப் போவுது? நான் இருக்கேன்ல."

விசா கமருன்னிஸாவின் பெரியப்பா மகனுக்குப் போனது. வாப்பா எழுந்து நடக்கவும் இல்லை, ஒரேயடியாகப் படுத்துவிடவும் இல்லை. யாராவது பிடித்துக்கொண்டால் வாசல்வரை வருவார். பிடிக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை மூஸாவினுடையதாக ஆயிற்று.

பட்டுக்கோட்டைக்குத் தெரபிக்கு, தஞ்சாவூருக்கு டாக்டரிடம், பேங்குக்கு, மின்சார ஆபீசுக்கு, மாடி எடுத்துக் கட்டியபோது செங்கல் சூளைக்கு என்று எல்லாவற்றுக்கும் அவர்தான். யார் வந்தாலும் போனாலும் திருச்சி ஏர்போர்ட்டுக்கும் அவர்தான். அந்த ஏர்போர்ட் வாசலுக்கு அவர் போகாத மாதம் இல்லை. வாசலைத் தாண்டியதில்லை. வீட்டுச் செலவும் மகள் அனீஸாவின் பள்ளிக்கூடச் செலவும் மச்சான்மார் அனுப்புவதில் நடந்தன. யாரும் சொல்லிக்காட்டியது கிடையாது. சொல்லிக்காட்டியிருந்தால்கூட ஒரு சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

ஜெகபர் அலி ஒரு காலத்தில் அம்பாசடருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர். பிறகு அதை விற்று வெள்ளை மாருதி வாங்கினார். பிள்ளைகள் காலத்தில் காத்திருப்பே இல்லாமல் போயிற்று. லீவில் வந்த வாரத்திலேயே ஷோரூமுக்குப் போய்ச் சாவியோடு திரும்பினார்கள். லண்டனிலிருந்து வந்த சின்னவன் சுஹைப் சிவப்பில் ஒன்று எடுத்தான். நௌஷாத் நீளமான கறுப்புக் கார் எடுத்தார். லீவு முடிந்ததும் உறை போட்டு மூடிவிட்டுப் போனார்கள். "வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிடுங்க மச்சான், ஒரு கழுவு கழுவிடுங்க," என்றார்கள். மூஸாவும் கழுவினார்.

கறுப்புக் காருக்கு வந்த வினை இரண்டாயிரத்துப் பதினொன்றில் வெளிப்பட்டது. நௌஷாத் மகளின் நிச்சயத்துக்காக வந்திருந்தார். வீடு நிறைய உறவினர். காலை வெயிலில் உறையை இழுத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். கறுப்பு முழுக்க வட்ட வட்டமாகச் சன்னக் கீறல், சிலந்தி வலையைப் பிரித்து ஒட்டியதுபோல. அதற்கு மேலே சுண்ணாம்புத் துளி தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

"மச்சான், எதுல கழுவுனீங்க?"

"சோப்புத் தூள்லதான்."

"துணி துவைக்கிற தூள்லயா? சரி, எதுல துடைச்சீங்க?"

"பழைய பனியன் துணி."

நௌஷாத் சிரித்தார். கோபப்படவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "எங்க மச்சான் வண்டிக்கும் வெள்ளாவி வெச்சுட்டாரு," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மூஸாவும் சிரித்தார், வேறு வழி தெரியாமல்.

சாயங்காலம் நௌஷாத் தோளில் கை போட்டுச் சொன்னார். "மனசுல வெச்சுக்காதீங்க. வெளிய எவன்கிட்டயும் வண்டிய விட வேணாம். நல்ல சாமானா வாங்கி நீங்களே வீட்டுல வெச்சுப் பாத்துக்கங்க. நம்ம வண்டிக்கு நம்ம கை பட்டாத்தான் சரி."

நம்ம கை என்றால் யார் கை என்று மூஸா கேட்கவில்லை.

அடுத்த முறை மாமனாரை டாக்டரிடம் காட்டத் தஞ்சாவூர் போனபோது, கமருன்னிஸாவை அவருக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு மூஸா கார் சாமான் கடையைத் தேடிப் போனார். கடைக்காரர் கண்ணுசாமி, ஒரத்தநாடு பக்கத்து ஆள். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்றுப் பறித்தவர். கண்ணுசாமி ஏஜெண்டைப் பிடித்துச் சிங்கப்பூர் போய், கார் பார்க்கிங் ஒன்றின் அடித்தளத்தில் பல வருஷம் வண்டிகளுக்குப் பாலிஷ் போட்டுவிட்டுத் திரும்பி இந்தக் கடையை வைத்திருந்தார். வியாபாரம் தெரிந்தவர். மூஸா வாயைத் திறந்ததும் மேசை நிறைந்துவிட்டது. நுரை அடிக்கும் துப்பாக்கி, மூன்று ரகப் பாலிஷ் காம்பவுண்டு, டயருக்கு ஒரு ஜெல், டேஷ்போர்டுக்கு ஒரு ஸ்ப்ரே, எல்லாவற்றுக்கும் மேலே சுற்றும் பாலிஷ் மெஷின்.

"இத்தனையும் வேணுமாங்க?"

"இருந்தா நல்லதுங்க. உங்க வண்டி பளிச்சுன்னு நிக்கும்."

"என் வண்டி இல்லைங்க," என்றார் மூஸா. "மச்சான் வண்டி. ஏற்கெனவே கெடுத்து வெச்சிருக்கேன். இன்னொரு தடவ கெடுத்தா ஊரு முன்னால பேச்சு வாங்கணும்."

கண்ணுசாமி அவரை ஒரு தரம் பார்த்தார். மெஷினைத் தூக்கித் திரும்ப அலமாரியில் வைத்தார். மூன்று காம்பவுண்டில் இரண்டை எடுத்து உள்ளே தள்ளினார். "அப்ப கெடுக்க முடியாத சாமானா எடுத்துக்கங்க. மொதமொதல்ல பண்றவருக்கு அதுதான் கணக்கு. மெஷினு தெரியாம வெச்சா ஓரத்துல பெயிண்டு எரிஞ்சிடும். கை அப்படி எரிக்காது."

காருக்கென்று உள்ள ஷாம்பு ஒன்று, கைக்கு மாட்டிக்கொள்ளும் மொசுமொசு உறை ஒன்று, மைக்ரோஃபைபர் துணி ஒரு கட்டு, ரப்பர் மாதிரி பிசையும் களிமண் கட்டி ஒன்று, இருப்பதிலேயே மெல்லிய பாலிஷ் ஒன்று, ஒரு டப்பா வேக்ஸ். மேசையில் மிஞ்சியது அவ்வளவுதான்.

"ரெண்டு பக்கெட்டு வெச்சுக்கங்க. ஒண்ணுல ஷாம்பு, ஒண்ணுல வெறுந்தண்ணி. கையுறைல ஒட்டுன அழுக்க வெறுந்தண்ணில அலசிட்டு அப்புறம் ஷாம்புல முக்குங்க. இல்லாட்டி அதே மண்ண எடுத்து அதே வண்டியில தேய்க்கிறீங்க. கீறல் அங்கதான் விழுவுது. துணி கீழ விழுந்துச்சுன்னா அத அன்னிக்குத் தொடாதீங்க. பாலிஷ் தேய்க்கும், வேக்ஸ் மூடும். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிடாதீங்க. எந்த ஊரு?"

"அதிராம்பட்டினம்."

"அப்ப தண்ணிதான் உங்களுக்கு எதிரி. உப்புத் தண்ணிய வெயில்ல காய விட்டீங்கன்னா புள்ளி விழத்தான் செய்யும். கடைசி அலசுக்கு நல்ல தண்ணி பாருங்க."

நல்ல தண்ணி என்பது அந்த வீட்டில் குடிக்கும் தண்ணீர். கேனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவரைக் கமருன்னிஸா நிறுத்தினாள். "ஏங்க, மனுசருக்குக் குடிக்கவே வாரத்துல ரெண்டு தடவதான் வருது. நௌஷாத் காக்கா காருக்கு நல்ல தண்ணி கேக்குதா?" மூஸா யோசித்தார். மாமனாரின் அறையில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். அதன் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது. அடியில் ஒரு வாளியை வைத்தார். இரண்டே நாளில் வாளி நிறைந்தது.

முதலில் மாமனாரின் பழைய மாருதியில்தான் கையைப் பழக்கினார். நிழலில் நிறுத்தி, கூரையிலிருந்து ஆரம்பித்துக் கீழே வந்தார். சக்கரத்துக்குத் தனித் துணி. கழுவிக் காய்ந்த பிறகு, கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தார் கண்ணுசாமி. தடவினால் சுத்தமாகத் தெரிந்த இடமெல்லாம் நறநறவென்றது. கடற்காற்றில் வந்த உப்பும், அறுவடைக் காலத்துத் தூசியும், ரோட்டில் போட்டு வண்டிச் சக்கரத்தில் அடித்த உளுந்துச் சருகின் பொடியும் பெயிண்டுக்குள் ஊன்றிக்கொண்டிருந்தன. ஷாம்பு கலந்த தண்ணீரை விட்டுக் களிமண்ணை வழுக்கவிட்டுக்கொண்டு போனபோது, முதலில் தடுக்கியது; போகப் போக ஓசை குறைந்தது; பிறகு ஓசையே இல்லை. மறுபடி தடவினார். கண்ணாடி.

அந்த ஒரு மணி நேரம் யாரும் தன்னைக் கூப்பிடவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. கூப்பிட்டிருக்கலாம். அவர் காதில் விழவில்லை.

மூன்று நாள் தேய்த்ததில் கறுப்புக் காரின் வெள்ளைப் புள்ளிகள் போயின. சிலந்தி வலையும் பாதிக்கு மேல் மங்கியது. வேக்ஸ் துடைத்து முடித்த மாலையில் கமருன்னிஸா டீ கொண்டுவந்தாள். கதவில் தன் முகத்தைப் பார்த்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "கண்ணாடியே வேணாம் போலிருக்கே," என்றாள். கல்யாணமான புதிதில் பேசிய குரலில் பேசினாள். மூஸாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

போட்டோ துபாய்க்கும் லண்டனுக்கும் போயிற்று. நௌஷாத் போனில், "மாஷா அல்லாஹ், உங்க கை ராசியே தனி மச்சான்," என்றார். சுஹைப் இன்னும் ஒரு படி மேலே போய், ஊருக்கு வந்த ஒருவரிடம் பாலிஷ் மெஷின் கொடுத்தனுப்பினான். "இனிமே உங்களுக்கு ஈசி மச்சான். எல்லா வண்டியும் நீங்களே முடிச்சிடலாம்." மூஸா அதையும் மாருதியின் கதவில் வைத்துப் பழகினார். ஓரங்களில் டேப் ஒட்டி, ஒரே இடத்தில் நிறுத்தாமல், கனம் கொடுக்காமல் ஓட்டக் கற்றார்.

வேலை சுலபமாயிற்று. வண்டிகள் பெருகின. கமருன்னிஸாவின் சாச்சா மகன் லீவுக்கு வந்தால் தன் காரைக் கொண்டுவந்து விடுவான். பெரியப்பா மகன், அந்த விசாவில் போனவர், தன் காரையே அனுப்பிவைத்தார். வெள்ளிக்கிழமை காலையில் வாசல் நிறைந்திருக்கும். எல்லாம் குடும்பத்து வண்டி. முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. வண்டியை நிறுத்திச் சாவியைக் கமருன்னிஸாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எதிர்வீட்டு ரசியா பேகம் மட்டும்தான் கேட்டார். விதவை, மகன் கனடாவில். ஒருநாள் படியேறி வந்து, "தம்பி, என் வண்டியையும் ஒரு தடவ பாத்துத் தர முடியுமா? சும்மா வேணாம், கூலி தந்துடுவேன்," என்றார். மூஸா செய்து கொடுத்தார். ரசியா பேகம் ஒரு கவரை நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த மூஸா சொல்லவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தார். அனீஸாவுக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸும், கமருன்னிஸாவுக்குக் கால் கிலோ முந்திரி அல்வாவும் வாங்கினார். தன் காசில் வாங்கினார். அதை வீட்டில் சொல்லவும் செய்தார். சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

மறுநாள் நௌஷாத் போன் செய்தார். "என்ன மச்சான், ஊரார் வண்டியெல்லாம் கழுவுறீங்களாம்? ஜெகபர் அலி வீட்டு மாப்பிள்ள காசுக்கு வண்டி துடைக்கிறாருன்னு இங்க துபாய் தேரா வரைக்கும் பேச்சு வந்துடுச்சு."

"உங்க வண்டியத் துடைக்கிறப்ப வராத பேச்சாங்க மச்சான்?"

நௌஷாத் பொறுமையாகச் சொன்னார். "அது குடும்பம் மச்சான்."

அந்த மாதம் ஷாம்பு வாங்கப் போனபோது, மூஸா ஓட்டிவந்த காரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணுசாமி பட்டுக்கோட்டையில் இன்னொரு கடை போடப் போவதாகச் சொன்னார். விற்பனை முன்னால், பாலிஷ் வேலை பின்னால். "உங்க கை எனக்குப் பிடிச்சிருக்கு பாய். வந்து நில்லுங்க. வேலைக்காரரா இல்ல, கூட்டாளியா." மூஸா வீடு வரும்வரை வேறு நினைப்பே இல்லாமல் ஓட்டினார். பட்டுக்கோட்டை வெளிநாடு இல்லை. பஸ்ஸில் போய்ப் பொழுதுசாயத் திரும்பிவிடலாம்.

கமருன்னிஸா கேட்டுக்கொண்டே வாப்பாவின் கஞ்சியை ஆற்றினாள். "பகல்ல வாப்பாவ யாரு தூக்குறது? என்னால முடியாதுங்க. போன வாரம் தூக்கித்தான் இடுப்பு பிடிச்சுக்கிச்சு." கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்து, "நீங்க போகணும்னு எனக்கும்தான் இருக்கு. எனக்கு மட்டும் இந்த வாசப்படியத் தாண்ட ஆசையில்லையா?" என்றாள்.

நாற்காலியில் இருந்த ஜெகபர் அலிக்கு எல்லாம் கேட்டது. கோணிய வாயில் வார்த்தைகளைத் திரட்டி, மெதுவாகப் பேசினார். "மாப்புள... நௌஷாத்துகிட்ட... ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

கேட்டார். நௌஷாத் முழுக்கக் கேட்டுவிட்டு, "அவன் மாசம் என்ன தருவான்? அத நானே அனுப்பிடறேன் மச்சான். நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். மூஸா "சரிங்க" என்று போனை வைத்தார். கண்ணுசாமி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

அதன்பிறகு மூஸா துணியைத் தொடவில்லை. உறைகளின்மேல் தூசி படிந்தது. காக்கைகள் எச்சமிட்டன. நௌஷாத் வருவதாகச் செய்தி வந்த காலையில், தண்ணீர்ச் சத்தம் கேட்டு மூஸா வாசலுக்கு வந்தார். கமருன்னிஸா சேலையைச் செருகிக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி, கறுப்புக் காரைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துணி துவைக்கிற தூள்.

"என்ன பண்றே?"

"நீங்க செய்யலேன்னா நான்தானே செய்யணும்? நம்ம தின்னுற சோறு யாரு அனுப்புறது?" திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. முகமெல்லாம் தண்ணீராக இருந்தது.

மூஸா அவள் கையிலிருந்து துணியை வாங்கினார். "உள்ள போ. இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் போடு," என்றார். தூளைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஷாம்பு பாட்டிலை எடுத்துவந்தார்.

இப்படியே இன்னும் சில வருஷம் போயிற்று. அனீஸா கல்லூரிக்குப் போனாள், திருச்சிக்கு. ஏர்போர்ட்டைத் தாண்டித்தான் ஹாஸ்டல்.

ஊர்த் தர்ம சங்கத்துக்கு ஒரு ஆம்புலன்ஸ் உண்டு. ஏழைகளுக்கு இலவசம். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வந்த மூஸா, பள்ளிவாசல் சுவரோரம் நின்ற அந்த வண்டியைக் கவனித்தார். வெள்ளை பழுப்பாகியிருந்தது. பின்கதவில் யாரோ வாந்தி எடுத்த தடம். வீட்டுக்குப் போய்ச் சாமானை எடுத்துக்கொண்டு திரும்பினார். யாரிடமும் கேட்கவில்லை. உள்ளே ஸ்ட்ரெச்சர் ஓடும் தண்டவாளம்வரை தேய்த்தார். சங்கத்துச் செயலாளர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பெரிய ஸவாபு தம்பி, நன்மை சேரும்," என்றார்.

நௌஷாத்துக்குச் செய்தி போயிற்று. காசு வாங்காத காரியம், அதுவும் நன்மைக்கு. அவரால் என்ன சொல்ல முடியும்? "அல்ஹம்துலில்லாஹ், செய்யுங்க மச்சான்," என்றார். மூஸா வாரந்தோறும் செய்தார். டிரைவருக்குக் காய்ச்சல் வந்த சமயம் செயலாளர் கூப்பிட, ஓட்டவும் செய்தார். பிரசவ வலியில் துடித்த பெண்ணையும், நெஞ்சைப் பிடித்துக்கொண்ட கிழவரையும் தஞ்சாவூரில் கொண்டுபோய் இறக்கினார். சைரன் போட்டுக்கொண்டு ஒரத்தநாட்டைத் தாண்டும்போது வழியில் இருப்பவர்கள் ஒதுங்கினார்கள். அவர் போகும் இடத்துக்கு அவரைப் போகவிட்டார்கள்.

வாப்பாவைப் பகலில் பிடித்துக்கொள்ளக் கமருன்னிஸா கடைசியில் தானே அண்ணனிடம் பேசி ஒரு ஆளைக் கேட்டாள். நௌஷாத், "அரை நாளைக்கு வெச்சுக்கங்க," என்றார். அரை நாள் கிடைத்தது. மீதி அரை நாளும் மூன்று கார்களும் மூஸாவிடமே இருந்தன. கண்ணுசாமியின் பட்டுக்கோட்டைக் கடை நன்றாக நடப்பதாகக் கேள்வி. அந்தத் தெருவழியாகப் போக வேண்டியிருந்தால் அவர் கடையின் பக்கம் பார்ப்பதில்லை.

ஒருநாள் நோயாளியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில், புதாற்றுக் கரையில் வண்டியை நிறுத்தி டீ சொன்னார். குறுவைக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. போன் அடித்தது.

"எங்கங்க இருக்கீங்க?" கமருன்னிஸா. "அந்த ஆளு போயிட்டான். வாப்பா உங்களக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நாளைக்கு சுஹைப் வர்றானாம், செவப்பு வண்டிய எடுத்து வெக்கச் சொன்னான்."

"வந்துடறேன்."

"எப்ப?"

"வந்துடறேன், கமரு."

போனைப் பையில் போட்டார். தம்ளரில் டீ முடிந்திருந்தது. கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னார்.